லாரி டியூபில் உட்கார்ந்து கண்மாயில் தூண்டில் போடுவது எப்படி

கரையில் நின்று தூண்டில் போடுகிறவருக்கு எட்டாத இடம் ஒன்று எல்லாக் கண்மாயிலும் இருக்கும். கோரை முடிந்து ஆழம் தொடங்குகிற விளிம்பு அது. கரையிலிருந்து முப்பது, நாற்பது அடி இருக்கும். மீன் புரளுவதெல்லாம் அங்கேதான். அவ்வளவு தூரத்துக்கு ஈயத்தைக் கட்டி வீசினால் அது விழுகிற சத்தத்திலேயே மீன் கலைந்துவிடும். டியூப் வேண்டியிருப்பது அந்த நாற்பது அடிக்காகத்தான். நடுக்கண்மாயைச் சுற்றிப் பார்ப்பதற்கு அல்ல. சோழவந்தான் சாலையில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். பழைய டியூப் கேட்டு வருகிற இளவட்டங்கள் எல்லோரும் "இதில் எவ்வளவு தூரம் போகலாம் அண்ணே?" என்று கேட்கிறார்கள். எவ்வளவு சத்தமில்லாமல் போகலாம் என்று ஒருவராவது கேட்டால் டியூபைச் சும்மாவே கொடுத்துவிடுவேன்.

காலம் என்று பார்த்தால் மாசிக் கடைசியிலிருந்து பங்குனி முடிய. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் கால்வாய்த் தண்ணீரிலும் நிரம்பிய கண்மாய், அறுவடை முடிந்த இந்த நாட்களில் பாதிக்குக் கீழே இறங்கியிருக்கும். பரந்து கிடந்த மீன் ஒடுங்கி நிற்கும். பனி விலகித் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடுவதால் தை மாதத்து மந்தமும் போய் இரை தேட ஆரம்பித்திருக்கும். ஜிலேபி ஆண்மீன்கள் ஓரத்து மண்ணில் தட்டு வட்டத்துக்குக் குழி பறித்துக் காவல் நிற்பதை இந்தப் பருவத்தில் தெளிந்த தண்ணீரில் கண்ணாலேயே பார்க்கலாம். தள்ளிப்போட்டால் மேலூர்ப் பக்கம் மீன்பிடித் திருவிழா வந்துவிடும். பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாக் கூடையும் கச்சா வலையுமாக ஊரே இறங்கிய கண்மாயில் அப்புறம் தூண்டிலுக்கு வேலை கிடையாது.

இறங்குவதற்கு முன் கேட்க வேண்டியவரைக் கேட்டுவிடுங்கள். பெரும்பாலான கண்மாய்களில் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, ஏலம் போயிருக்கும். குத்தகைதாரர் கட்லா, ரோகுக் குஞ்சுகளைக் காசு கொடுத்து வாங்கி விட்டிருப்பார். முதல்நாளே அவரைப் பார்த்து, "அண்ணே, தூண்டில் மட்டும்தான், வலை கிடையாது" என்று சொல்லி, பிடிக்கிற அந்தக் கெண்டைகளுக்கு எடை போட்டுப் பணம் கொடுத்துவிடுவதாக ஒப்புக்கொண்டால் அநேகமாகச் சம்மதிப்பார். ஜிலேபியை எவ்வளவு பிடித்தாலும் அவருக்கு மகிழ்ச்சிதான். 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவந்த மீன். இன்று அது இல்லாத கண்மாயைத் தேட வேண்டும், வளர்ப்பு மீனுக்குப் போகும் இரையில் பங்குக்கு வருவதும் அதுதான். அணைகளில் டியூபோடு இறங்கலாம் என்று நினைக்க வேண்டாம். கழிவுநீர் கலக்கிற நகரத்துக் கண்மாய்களும் வேண்டாம். இடுப்பு வரை தண்ணீரில் பல மணி நேரம் உட்காரப்போகிறீர்கள். காலில் சிறு கீறல் இருந்தாலும் எலிக்காய்ச்சலுக்கு அது போதும்.

டியூபுக்கு வருகிறேன். லாரியின் 900-20 அல்லது 1000-20 டியூப் சராசரி உடம்புக்காரர் ஒருவரைத் தாராளமாகத் தாங்கும். உடம்பு கொஞ்சம் பெரிது என்றால் டிராக்டரின் பின்சக்கர டியூப் வாங்குங்கள்; ஓட்டை அகலம், இடுப்பு மாட்டாது. பியூட்டில் ரப்பராக இருப்பது நல்லது. டியூபின் மேலேயே அச்சிட்டிருக்கும். அது காற்றை நாள்கணக்கில் பிடித்து வைக்கும். மூன்று ஒட்டுக்கு மேல் போட்ட டியூபை யாராவது பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஒட்டில்லாத டியூபையும் காற்றடித்து ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் தளர்ந்திருந்தால் முதலில் வால்வின் அடியில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். பழைய டியூப் கசிவது பாதிக்குப் பாதி அங்கேதான். அந்த இடத்துக் கசிவுக்கு ஒட்டு போட்டுத் தருகிறேன் என்று சொல்லும் கடைக்காரரிடம் வண்டி டியூபைக் கொடுக்கலாம், தண்ணீரில் இறங்கும் டியூபைக் கொடுக்கக் கூடாது.

லாரி டியூபின் வால்வு உள்வட்டத்தில் இருக்கிறது. நீளமான, வளைந்த பித்தளை. உட்காருகிறவரின் விலாவிலோ தொடையிலோ குத்துவதற்கென்றே வைத்த மாதிரி இருக்கும். அதைப் படுக்க வைத்து, பழைய சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கமாக நாலு சுற்றுச் சுற்றி, உட்காரும்போது முன்பக்கம் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

உட்காரும் இடம் கட்டுவதில்தான் பலரும் சொதப்புகிறார்கள். பலகையைக் குறுக்கே வைத்துக் கட்டினால் ஆள் டியூபுக்கு மேலே உட்கார்ந்திருப்பார்; பாரம் மேலே இருப்பதால் ஒருபக்கம் சாய்ந்த உடனே கவிழும். உடம்பு ஓட்டைக்குள் இறங்கித் தொங்க வேண்டும். அதற்கு நாடாக்கட்டில் பின்னுகிற நைலான் நாடா போல் தோதான பொருள் வேறில்லை. கயிறு ரப்பரை அறுக்கும், நாடா அறுக்காது. டியூபில் பாதிக் காற்று மட்டும் அடித்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக இரண்டு நாடா, ஒரு சாண் இடைவெளி விட்டு. டியூபை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி வந்து முடிச்சுப் போட வேண்டும். பிறகு குறுக்காக மூன்று நாடா, கட்டிலில் போல ஒன்றின் மேல் ஒன்றின் கீழாகக் கோத்து, மூன்றையும் பின்பாதியிலேயே நெருக்கிக் கட்டுங்கள். கால் இரண்டும் இறங்க முன்பாதி திறந்து கிடக்க வேண்டும். நடுவில் ஒரு சாண் தொய்வு இருக்கட்டும். இப்போது மீதிக் காற்றை அடியுங்கள். டியூப் உப்ப உப்ப நாடா தானாக இறுகிப் பிடித்துக்கொள்ளும், எந்தப் பக்கமும் நகராது. முழுக் காற்றோடு கட்டியிருந்தால் டியூப் தண்ணீரில் குளிர்ந்து தளர்ந்ததும் கட்டும் தளர்ந்திருக்கும். இடுப்பைச் சுற்றியோ தொடையைச் சுற்றியோ உங்களையே டியூபோடு கட்டுகிற யோசனை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வரக் கூடாது. நினைத்த மாத்திரத்தில் வெளியே வர முடியாத இருக்கை இருக்கையே அல்ல.

காற்று எவ்வளவு? இதற்கு மீட்டர் பார்க்க முடியாது. டயருக்குள் இல்லாத டியூபுக்கு அழுத்தம் ஏறாது, உப்பத்தான் செய்யும். அதிகம் அடித்தால் எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே ஒருபக்கமாகப் புடைக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான். காற்றடித்த டியூபை வெயிலில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். பைக்குக்கு அடிக்கிற கால் பம்பை எடுத்துப் போனால் கரையிலேயே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். கடைசியாக, பழைய உரச்சாக்கைக் கையகல நாடாக்களாகக் கிழித்து டியூப் முழுக்கச் சுற்றிவிடுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் கறுப்பு ரப்பர் பத்து மணி வெயிலில் கையைச் சுடாது. கெளுத்தி துள்ளி விழுந்து அதன் முள் பட்டாலும் முதலில் சாக்கு தாங்கும்.

என் அக்காள் மகன் இதற்கென்றே செய்த மிதவையை வரவழைத்திருக்கிறான். லாட வடிவம், முன்பக்கம் திறப்பு, முதுகுக்குச் சாய்மானம், காலில் மாட்டத் தவளைக்கால் துடுப்பு. அமெரிக்காவில் ஏரிகளில் மீன் பிடிப்பவர்கள் இப்படித்தான் போகிறார்கள். அங்கேயும் முதலில் லாரி டியூபில் துணி இருக்கை தைத்துத்தான் ஆரம்பித்தார்கள். அதில் எனக்குப் பொறாமையான விஷயம் இரண்டு. ஒன்று, காற்றறை ஒன்றுக்கு மேல் இருக்கிறது. ஒன்று போனாலும் மற்றது தாங்கும். இரண்டு, கால் துடுப்பு. அதை உதைத்தால் மிதவை பின்னோக்கிப் போகும், கை இரண்டும் தூண்டிலுக்கு மிச்சம். நம்மூரில் வலை விடுகிறவர்கள் இரண்டு கையிலும் சிறு பலகை பிடித்துத் துழாவிப் போவார்கள். வலைக்கு அது சரி, தூண்டிலுக்குச் சரிப்படாது. ஆகவே லாரி டியூபே போதும் என்பவர்களும் துடுப்பை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆகாயத்தாமரை மண்டிய பக்கம் அதை மாட்டிக்கொண்டு போகாதீர்கள், வேர் சுற்றிக்கொள்ளும்.

லைஃப் ஜாக்கெட் கட்டாயம். நீச்சல் தெரியும் என்பவருக்கும் கட்டாயம். லாரி டியூபில் ஒரே அறைதான், அது போனால் எல்லாம் போயிற்று. கைலியும் வேட்டியும் தண்ணீரில் காலைச் சுற்றும். இறுக்கமான முழுக்கால்சட்டையும் நீளக் காலுறையும் அணியுங்கள், அட்டையும் ஏறாது. கரையில் ஓர் ஆள் இருந்தாக வேண்டும். துணைக்கு வர ஆளில்லாத நாளில் டியூபை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

இனி கண்மாய். எந்தக் கண்மாயில் இறங்கப்போகிறீர்களோ அதை முந்திய கோடையில் வற்றிக் கிடக்கும்போது ஒரு தடவை நடந்து பார்த்திருக்க வேண்டும். சமூகக் காடுகள் திட்டத்தில் கண்மாய்க்குள் நட்ட நாட்டுக் கருவேலம் எங்கே நிற்கிறது, வெட்டிய அடிக்கட்டை எங்கே இருக்கிறது, வண்டல் எடுக்க ஜேசிபி தோண்டிய குழி எங்கே என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே இருக்கும்போது காலடியில் பத்தடிக் குழி வருவது அந்த வேலையால்தான். மடைப் பக்கம் போகவே வேண்டாம். தண்ணீர் திறந்திருந்தால் உறிஞ்சும் வேகம் மேலே தெரியாது. கருவேலங்கிளை தண்ணீருக்குள் முழுகிக் கிடக்கும் இடத்தில் மீன் நிறையத்தான் இருக்கும். மூன்று கை தள்ளியே நில்லுங்கள். அப்படியும் முள் ஏறிவிட்டால் பிடுங்காதீர்கள். குத்திய முள் பாதி அடைப்பாக நிற்கும், கசிவு மெதுவாகத்தான் இருக்கும், கரை சேர நேரம் கிடைக்கும். பிடுங்கினால் அந்த நேரமும் போயிற்று.

விடிந்ததும் விழுந்தடித்துக்கொண்டு இறங்க வேண்டாம். பாசியும் தாமரையும் நிறைந்த தண்ணீரில் இரவெல்லாம் பிராணவாயு குறைந்துகொண்டே வந்து விடியற்காலையில்தான் மிகக் குறைவாக இருக்கும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நிற்கும். நிறைய மீன் இருக்கிறது என்று புதியவர் துள்ளுவார், ஒன்றும் இரை எடுக்காது. வெயில் பட்டு அரை மணி, ஒரு மணி நேரம் கழிந்ததும் அந்த வாய்கள் மறையும். அதுதான் சமயம். ஏறத்தாழ ஏழிலிருந்து ஒன்பதரை வரை.

அதற்குப் பிறகு காற்று. 2017 ஏப்ரலில் வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார்கள். காற்று அவற்றைச் சற்று நேரத்தில் கரைக்கு ஒதுக்கிவிட்டது. ஊர் இன்னும் சிரித்து முடிக்கவில்லை. டியூபில் உட்கார்ந்திருக்கும் நீங்களும் காற்றுக்கு ஒரு தெர்மாகோல் அட்டைதான். ஆகவே இறங்கும் முன் கைப்பிடி காய்ந்த புல்லைத் தூவிப் பாருங்கள். காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ அந்தக் கரையில் இறங்கி, காற்றுக்கு எதிராகப் போங்கள். களைத்துப்போனாலும் காற்றே உங்களை இறங்கிய இடத்துக்கே கொண்டுவந்து விடும். நங்கூரத்துக்கு அரைச் செங்கல்லை வெங்காயப் பையில் போட்டு இருபதடி நைலான் கயிற்றில் கட்டினால் போதும். டியூபில் அதை உருவுமுடிச்சாகப் போடுங்கள், ஒரு கையால் இழுத்தால் அவிழ வேண்டும். தண்ணீரில் சிறு அலை ஓயாமல் நெளிய ஆரம்பித்தால் மணி எத்தனையாக இருந்தாலும் சுருட்டிக்கொண்டு கரைக்கு வாருங்கள். பங்குனியில் மாலை இடி முழங்கினால் கேட்கவே வேண்டாம்.

ஏறுவதும் இறங்குவதும் படித்துறையிலோ கல் பதித்த கரையிலோ. சேற்றில் இறங்கினால் கால் புதைந்து அங்கேயே நாள் முடிந்துவிடும். துடுப்பு மாட்டிய காலோடு முன்னால் நடக்க முடியாது, பின்பக்கமாக நடந்து, தண்ணீர் தொடையைத் தொட்டதும் டியூபில் உட்காருங்கள். பிறகு மெதுவாக உதையுங்கள். மேல்மட்டத்தில் தண்ணீர் தெறித்தால் அது உதை அல்ல, மீனுக்கு அறிவிப்பு. மீன் உடலின் இருபக்கக் கோட்டால் தண்ணீரின் அதிர்வை அறிகிறது. உங்களைப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துகொள்கிறது. இடத்துக்குப் போனதும் செங்கல்லைத் தூக்கிப் போடாமல் கைக்குக் கை இறக்குங்கள். சூரியனைப் பார்த்து உட்காருங்கள், நிழல் முதுகுக்குப் பின்னால் விழட்டும். அப்புறம் கால் மணி நேரம் எதுவும் செய்யாமல் இருங்கள். முக்குளிப்பான் பறவை பத்தடியில் வந்து முங்கி எழுந்தால் நீங்கள் கண்மாயோடு சேர்ந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

தூண்டில் குட்டையாக இருக்கட்டும். ஐந்தடி, ஆறடிக் கழி. தூண்டில் நரம்பை வீச வேண்டிய தேவையே இல்லை, காலடியில் இறக்கினால் போதும். தக்கைக்கு உதிர்ந்த மயிலிறகின் தண்டை ஒரு விரல் நீளம் வெட்டிக்கொள்ளுங்கள். கடையில் விற்கிற பிளாஸ்டிக் உருண்டைத் தக்கை ஜிலேபி தொடுவதைச் சொல்லாது.

இரை. மண்புழுவை எல்லா மீனும் எடுக்கும், அதனால் நண்டும் எடுக்கும், பொடிமீனும் எடுக்கும். கெண்டை வகைக்கு என் இரை பரோட்டா மாவு. இரவு பரோட்டாக் கடை அடைக்கும் நேரத்தில் போனால் எலுமிச்சை அளவு உருண்டை சும்மாவே கிடைக்கும். மாஸ்டர் அடித்துப் பிசைந்த மாவில் இருக்கும் இழுவை நாம் வீட்டில் பிசைந்தால் வராது. அதில் வறுத்துப் பொடித்த கடலைப் புண்ணாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கையில் ஒட்டாத பதம் வரும்வரை பிசையுங்கள். எண்ணெய் ஏற்கெனவே இருக்கிறது, மேலும் விட வேண்டாம். ஈரத்துணியில் சுற்றி வைத்தால் காலை வரை காயாது. ஜிலேபிக்கு மிளகளவு, ரோகுக்குச் சுண்டைக்காயளவு. தூண்டில் முள்ளின் கூர் மட்டும் மயிரிழை வெளியே தெரிய வேண்டும். உட்கார்ந்த இடத்தில் தவிட்டையும் புண்ணாக்கையும் பிசைந்து இரண்டு உருண்டை தண்ணீருக்குள் விட்டுவையுங்கள். வாரி இறைக்க வேண்டாம், வயிறு நிறைந்த மீன் தூண்டிலுக்கு வராது.

எந்த ஆழம் என்பது மீனைப் பொறுத்தது. கட்லா மேல்தண்ணீரில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் தரையில். தக்கைத் தண்டைப் பார்த்தே யார் வந்திருப்பது என்று சொல்லலாம். ஜிலேபி டொக் டொக்கென்று இரண்டு தட்டுத் தட்டிப் பக்கவாட்டில் இழுத்துப் போகும். இழுக்கும்போது சுண்டுங்கள், தட்டும்போது சுண்டினால் வெறும் முள்தான் வரும். ரோகு அவசரப்படாது, தண்டு கொஞ்சம் கொஞ்சமாக அமிழும். கெளுத்தி நேராகக் கீழே கொண்டுபோய்விடும். மிர்கால் தரையில் கிடக்கும் இரையை எடுத்துத் தலையை உயர்த்தும்போது ஈயமும் சேர்ந்து உயர்வதால், நிமிர்ந்து நின்ற தண்டு அப்படியே தண்ணீர்மேல் படுத்துவிடும். பலரும் காற்று தள்ளிவிட்டது என்று விட்டுவிடுவது அந்தக் கடியைத்தான். தண்டு நத்தை வேகத்தில் ஒரே திசையில் நகர்ந்தால் நண்டு, இரையை மாற்றுங்கள்.

இரண்டு கிலோ ரோகு மாட்டினால் டியூப் சுழலும். பயப்பட ஒன்றுமில்லை. நங்கூர முடிச்சை உருவிவிட்டு இழுக்கிற பக்கம் போகவிடுங்கள். டியூபை இழுத்து இழுத்தே மீன் களைத்துவிடும், நரம்பும் அறாது. கழி மட்டும் டியூபுக்கு வெளியே நீண்டிருக்க வேண்டும், மீன் அடியில் புகுந்தால் நரம்பு உங்கள் காலைச் சுற்றும். தூண்டில் முள்ளைக் கழற்றுவது கைவலைக்குள் வைத்தே. கெளுத்திக்கு முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று முள். தலைக்குப் பின்னால் பக்கமுட்களின் அடியில் விரலைக் கொடுத்துப் பிடியுங்கள், இல்லையென்றால் சாயங்காலம் வரை கை கடுக்கும். பிடித்ததை வெங்காயப் பையில் போட்டுத் தண்ணீரிலேயே தொங்கவிடலாம். சாண் நீளம்கூட இல்லாத கட்லாவையும் ரோகுவையும் திருப்பி விட்டுவிடுங்கள், அது குத்தகைதாரர் விட்ட குஞ்சு.

பத்தரைக்கெல்லாம் கரையேறிவிட்டால் மதியம் ஐயனார் கோயில் புளியமரத்தடி இருக்கிறது. நாலரைக்குக் காற்று அடங்கினால் இன்னொரு தடவை இறங்கலாம். வெளிச்சம் இருக்கும்போதே கரையேறிவிடுங்கள். ஜிலேபியின் சேற்று வாடைக்கு, சுத்தம் செய்து கல்லுப்பு போட்டு உரசிக் கழுவி, புளித்த மோரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். குழம்பில் மண் மணக்காது.

வீட்டுக்கு வந்ததும் டியூபை மறந்துவிடாதீர்கள். சாக்கை அவிழ்த்துத் தனியாகக் காயவைத்து, டியூபை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். காற்றை முழுதாக எடுத்து மடித்தால் மடிப்பிலேயே ரப்பர் வெடிக்கும். கால்வாசிக் காற்றோடு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தடவி, அகலமான மரக்கட்டையில் மாட்டி வையுங்கள். ஆணியில் மாட்டாதீர்கள். நெல் மூட்டை அடுக்கிய அறையிலும் வேண்டாம், அங்கே வரும் எலி டியூபையும் கடித்துப் பார்க்கும். எலி கடித்த டியூபுக்கு நான் ஒட்டு போடுவதில்லை.